முதலில் கேள்வி, பிறகு பேர்

டிக்கெட் எடுக்காதவன் முகம் அவளுக்கு அத்துப்படி. பஸ்ஸுக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிடும். டிக்கெட் எடுத்தவன் தன் பாட்டுக்கு வேடிக்கை பார்ப்பான், தூங்குவான், பக்கத்து சீட்டுக்காரனோடு வம்பளப்பான். வித்தவுட்டில் வருகிறவன் மட்டும் செக்கர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கண்ணும் கூடவே திரும்பும். வருஷக்கணக்காக அதே பிழைப்பு. கூட்டத்தில் இடிபட்டு, மோப்பம் பிடித்து, "நீ இறங்கு" என்று சொல்லிச் சொல்லியே அவள் பேர் செக்கரக்கா என்று ஆகிப்போனது. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள் டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினால் சிரிக்க மாட்டார்களா? ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற புருஷன்தான் முதலில் சிரித்தான். "போ போ, பிள்ளைங்க பையில பென்சில் இருக்கான்னு செக்கிங் பண்ணு" என்றான்.

ஆனால் அவளுக்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மகளும் அவள் தோழியும் கூடத்தில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் கப்சிப். தோழி போனபிறகு மகள் சொன்னாள்: "அம்மா, நீ உள்ள வந்தாலே எல்லாருக்கும் பையைத் தொட்டுப் பாத்துக்கணும்னு தோணுது. வீட்டுலயும் செக்கிங்தானா?" சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தால், அவள் ஏறினதும் ஒரு முகமாவது மலர்ந்த பஸ் உண்டா? கிடையாது. எல்லா முகமும் இருண்டுபோகும். தன்னைப் பார்த்து நிமிர்ந்து மலர்கிற முகங்கள் வேண்டும், சாவதற்குள் அப்படி ஒரு வேலை பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள். தேறினால் வகுப்பறை, தேறாவிட்டால் மறுபடி பஸ்.

கல்லூரியில் கற்பித்தலின் அடிப்படைகள் என்ற பாடத்தை எடுத்த பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் 'காரணம் என்ன'. எதைச் சொன்னாலும் கடைசியில் "காரணம் என்ன?" என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார். அவர் தலைகீழாக நின்று புகட்டிய விதி ஒன்று உண்டு.

"கேள்வியை முதல்ல வகுப்பு முழுசுக்கும் கேளுங்க. கொஞ்சம் நிறுத்துங்க. அப்புறம்தான் ஒரு பேரைச் சொல்லணும். காரணம் என்ன? பேரை முதல்ல சொன்னா, அந்தப் பிள்ளையைத் தவிர மத்ததெல்லாம் அப்பாடான்னு சாஞ்சு உக்காந்துக்கும். பேரை முன்னால சொல்ற வாத்தியார் ஒரு பிள்ளைக்குத்தான் பாடம் நடத்தறார். மாதிரி வகுப்புல இதை மீறினா மார்க் போட மாட்டேன்."

செக்கரக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. டிக்கெட் பரிசோதனையும் இதுதானே? யாரைக் கேட்கப்போகிறோம் என்று முன்னாலேயே காட்டிக்கொள்ளக் கூடாது.

பயிற்சிக்கு அவளை அனுப்பிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அது முடிந்ததும் அவள் எடுக்கிற முதல் பாடமே மாதிரி வகுப்பு, பேராசிரியர் வந்து பார்த்து மார்க் போடுவார். ஜன்னல் ஒன்றில் கண்ணாடி போய் அட்டை வைத்து அடைத்திருந்தது. சுவரில் மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு படம், ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. வகுப்பு டீச்சர் இவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். நடக்கும்போதே சாக்பீஸைத் தேடுகிற ரகம்.

"நான் பஸ்ஸுல செக்கரா இருந்தவ டீச்சர். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று செக்கரக்கா முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். சின்ன டீச்சர் சிரிக்கவில்லை. "அப்படியாக்கா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டாள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? செக்கரக்காவின் மூக்கு அப்போதே லேசாக அரித்தது.

அந்த மூக்கு சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே பிடித்துவிட்டது. இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் ஒரு பெண். வகுப்பில் எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஒல்லி, இரட்டைச் சடை. மற்ற பிள்ளைகள் பாடம் நடக்கும்போது காக்கையைப் பார்க்கும், கொட்டாவி விடும், பேனாவைக் கடிக்கும். சிட்டு மட்டும் டீச்சர் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. டீச்சர் இடது பக்கம் போனால் இடது பக்கம், வலது பக்கம் போனால் வலது பக்கம். இந்த முகத்தைச் செக்கரக்கா ஆயிரம் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். பக்கா வித்தவுட்.

அதற்குமேல் ஒன்று. டீச்சர் மற்றப் பிள்ளைகளிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டு, நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சிட்டு முறை வந்தால் மட்டும் எல்லாம் தலைகீழ். "சிட்டு" என்று முதலில் பேர். அந்தப் பெண் நிமிரும்வரை காத்திருப்பாள். நேர் எதிரே வந்து நின்றுகொள்வாள். அப்புறம்தான் கேள்வி. பேரை முன்னால் சொல்லி ஆளைத் தயார்படுத்துவதாவது? இதில் ஏதோ ஏற்பாடு இருக்கிறது.

ஏற்பாடு பெஞ்சு வரைக்கும் போயிருந்தது. சிட்டுவின் பக்கத்தில் இருந்த குண்டுப்பெண் சில நேரம் பெஞ்சை விரலால் டக் டக் என்று தட்டும். உடனே சிட்டு திரும்பும். சைகை! கூட்டுக் களவாணிகள். சொல்வதெழுதுதலில் சிட்டுவுக்கு எல்லாமே சரியாக இருக்கும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்ன வார்த்தைகள் மட்டும் கோட்டை விட்டிருக்கும். முகத்தைப் பார்க்காவிட்டால் பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? முகத்தில் ஏதோ ஜாடை காட்டுகிறாள் என்று அர்த்தம். செக்கரக்கா அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

தேநீர் வேளையில் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "அந்தச் சிட்டு நல்லாப் படிக்குது போல டீச்சர்."

"ம். படிப்பா."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லக்கா."

"அவளை மட்டும் பேர் சொல்லிட்டுக் கேள்வி கேக்கறீங்களே, அதான் கேட்டேன்."

சின்ன டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் கூச்ச சுபாவம். அதான்." கண் எங்கேயோ போயிற்று. அடுத்த கேள்வி வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

கூச்சமாம் கூச்சம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடியே, "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நீ பாடம் எடுக்கப் போனியா, ஆளைப் பிடிக்கப் போனியா?" என்றான். மகள் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அது அவன் சொன்னதைவிட அதிகமாக வலித்தது. ஆனாலும் மூக்கு விடவில்லையே.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் குடையை மறந்து வைத்துவிட்டேன் என்று வகுப்புக்குத் திரும்பினாள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே டீச்சரும் சிட்டுவும் எதிரெதிரே. டீச்சர் வாயை அகல அகலத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள். "ஆ-வி-யா-தல். நீ-ரா-வி." அந்தப் பெண் திரும்பச் சொல்கிறது. அது அடுத்து வரப்போகிற பாடம். அதில் கேட்கப்போகிற வார்த்தைகள். இன்றைக்கே, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. அதே சாயங்காலம் வாசலில் டீச்சரும் சிட்டுவின் அம்மாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற அந்த அம்மா இவளைப் பார்த்ததும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள்.

இனி என்ன சாட்சி வேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா? ஒரு பிள்ளையை மட்டும் முன்கூட்டியே ஊட்டி வளர்த்து, கெட்டிக்காரி என்று எல்லோர் கண்ணிலும் காட்டி, என்னத்துக்கோ ஏற்பாடு நடக்கிறது. செக்கரக்காவுக்கு நியாயமான கோபம்தான் வந்தது. காக்கையைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? மாதிரி வகுப்பில் பேராசிரியர் முன்னால் இதன் குட்டை உடைப்பது என்று முடிவு செய்துகொண்டாள். விதிப்படி பாடம் எடுத்த மாதிரியும் ஆகும், களவைப் பிடித்த மாதிரியும் ஆகும். ஒரே கல்.

அந்த நாள் வந்தது. பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கூடவே தலைமையாசிரியரும் வந்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் பளிச்சென்று இருக்கவேண்டும், புகார் எதுவும் வரக்கூடாது என்பதே அவருக்கு வேதம். சின்ன டீச்சர் முன்னால் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில். பாடம், தண்ணீர் ஆவியாவது.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஈரத்துணியால் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, அது மறைவதைப் பார்க்கச் சொன்னாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. கோடு மறைந்ததும் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் "போயே போச்சு" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். எல்லா முகமும் அவளைப் பார்த்து மலர்ந்திருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். அதோடு விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

விடவில்லை. பேசிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, சிட்டுவைத் தாண்டி, வகுப்பின் பின்பக்கம் போய் நின்றாள். அந்தப் பெண்ணின் இரட்டைச் சடை மட்டும் தெரிகிற இடம்.

"கொடியில காயப்போட்ட துணியில இருந்த தண்ணி எங்க போகுது?"

நிறுத்தினாள். கைகள் உயர்ந்தன. பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சிட்டு."

சடை அசையவில்லை. குண்டுப்பெண்ணின் விரல் பெஞ்சை நோக்கிப் போயிற்று.

"பெஞ்சைத் தட்டாதே. கையை மேல வை."

விரல் நின்றது. சின்ன டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். செக்கரக்கா அதையும் பார்த்தாள். பார், எப்படித் துடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"சிட்டு, உன்னைத்தான் கேக்கறேன்."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வகுப்பே சிட்டுவைப் பார்த்தது. இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது தெரிந்து அந்தப் பெண் மிரண்டு, முதலில் ஜன்னல் பக்கம் தன் டீச்சரைப் பார்த்தது, பிறகு மெல்லப் பின்னால் திரும்பியது. சரியாக அந்த நேரம் பார்த்து, உலகத்தில் எல்லா வாத்தியாரும் தினம் பத்து தடவை சொல்கிற வார்த்தை செக்கரக்கா வாயிலிருந்து வந்தது.

"ஏன், காது கேக்கலையா உனக்கு?"

சிட்டு அவள் வாயைப் பார்த்தது. அந்தப் பாடத்தில் அது முழுசாகப் பார்த்த கேள்வி அது ஒன்றுதான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளை. எழுந்து நின்றது.

"ஆமா டீச்சர். கேக்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சிரிக்காததில்தான் செக்கரக்காவுக்கு விஷயம் விளங்கியது. வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குண்டுப்பெண் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  சிட்டு டீச்சர் முகத்தை முகத்தைப் பார்த்தது டிக்கெட் இல்லாததால் இல்லை, வேறு வழி இல்லாததால்.

சிட்டு பதில் சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தது. "என்னது?" என்றார் தலைமையாசிரியர். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏ பொண்ணு" என்றார். பிறகு பலமாகக் கையைத் தட்டினார். அட்டை அடைத்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்து போயிற்று. சடை அசையவில்லை. ஜன்னல் ஓரத்தில் சின்ன டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டாள்.

மிச்சப் பாடத்தை எப்படி முடித்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. வராந்தாவில் பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. "கேள்வி முதல்ல, சரியான இடைவெளி, பேர் அப்புறம். இடத்தை மாத்தி நின்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் உச்சம். காரணம் என்ன? ஒரு பிள்ளையோட குறையை வெளிக்கொண்டு வந்துடுச்சு. இந்த வருஷம் இவ்வளவு மார்க் யாருக்கும் போடல." அவள் அவர் செருப்பைப் பார்த்தபடி நின்றாள்.

வகுப்பு கலைந்தபிறகு சின்ன டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"போன வருஷம் காய்ச்சல் வந்து படுத்தா. எழுந்தப்போ ரெண்டு காதும் மங்கிப் போச்சு. நேரா நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவா. அதுக்கு முன்னாடி பேர் சொல்லியோ பெஞ்சைத் தட்டியோ நிமிர வைக்கணும். புது வார்த்தைன்னா முன்னாடி ஒரு தடவை வாயசைவைக் காட்டிடணும். அவ்வளவுதான்க்கா நான் பண்ணின சூழ்ச்சி."

"ஹெச்.எம்.கிட்ட ஏன் சொல்லல டீச்சர்?"

"திக்கிப் பேசின ஒரு பையனை இங்க வசதி இல்லைன்னு அனுப்பிவச்சவர் அவர். இவளையும் எங்கேயோ தூரத்துல விடுதியோட இருக்கற பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிடுவார். அந்த அம்மாவுக்கு இவ ஒருத்திதான். இவளுக்கு இந்தப் பிள்ளைங்கதான். காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்திருக்கோம், வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சா போதும்னு பாத்தோம்."

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே."

இப்போதுதான் டீச்சர் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, குரல் உயரவில்லை. "நீங்க கேக்கலக்கா. விசாரிச்சீங்க. வந்த அன்னிக்கே செக்கர்னு சொல்லிக்கிட்டீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

செக்கரக்கா நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறது, வகுப்பே அவளைப் பார்த்துக்கொள்கிறது, முன் பெஞ்சில் உட்காரவைத்து முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், மெஷின் வந்துவிடும், ஒரு வருஷம் விடுங்கள் சார் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்கதானேம்மா கண்டுபிடிச்சீங்க? நீங்க இல்லேன்னா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. என்ன கூர்மையான கண்ணு உங்களுக்கு. படிப்பு முடிஞ்சதும் இங்கயே வந்து சேருங்க, நான் பேசி வைக்கறேன். உங்களை மாதிரி ஆள்தான் நமக்கு வேணும்."

வேலை கிடைத்துவிட்டது. கேட்டதைக் கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாமா? வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

அந்த வாரக் கடைசியில் சிட்டுவின் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையோடு தலைமையாசிரியர் அறைக்குள் நின்றிருந்தாள். வெளியே வராந்தா பெஞ்சில் சிட்டு, மடியில் பை. ஐந்தாம் வகுப்பிலிருந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. சிட்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, திரும்ப அதற்குக் காரணமும் இல்லை.

செக்கரக்கா இரண்டு நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் போய், வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற பக்கமாகப் பார்த்து, அந்தப் பெண்ணின் எதிரே தரையில் மண்டியிட்டாள். இரண்டு முகமும் நேருக்கு நேர் வந்தன. சிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை, பயமும் இல்லை. பாடம் கேட்கிற பிள்ளையின் பார்வை, அவ்வளவுதான்.

"சிட்டு" என்றாள் செக்கரக்கா, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக. "டீச்சர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பெண் அவள் வாயைப் பார்த்தது. அடுத்த வார்த்தைக்காக உதடு அசையத் தொடங்கியதும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டது.

உள்ளே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு அம்மா வந்து தோளைத் தொடும்வரை அது கண்ணைத் திறக்கவில்லை.